விழுந்த கதை யாருக்குச் சொந்தம்?

பெங்களூரில் உருவான சிறு விமானம் ஒன்றின் பெயர் எக்ஸ்-ஏர். அலுமினியக் குழாய்களைப் பூட்டி, மேலே துணியை இழுத்துக் கட்டி, முன்னால் சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தினால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கலாம். இதைச் செய்த ராஜ் ஹம்ஸா அல்ட்ராலைட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜோயல் கெஷ்லான். பிரான்சிலிருந்து ஆரோவில்லுக்கு வந்து, பிறகு ஊட்டிக்குப் பக்கத்தில் கல்லட்டியில் குடியேறி, ஹேங் கிளைடர்களும் சிறு விமானங்களும் வடிவமைத்தவர். நடிகை கல்கியின் தந்தை என்றால் பலருக்கு உடனே விளங்கும். அவருடைய எக்ஸ்-ஏர் கடல் கடந்து போனது. பிரிட்டனில் வார இறுதியில் பறக்கும் ஆர்வலர்கள் அதை உதிரி உதிரியாகப் பெட்டியில் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே பூட்டிப் பறந்தார்கள்.

பறந்தவர்களில் சிலர் விழுந்தார்கள். அந்தக் கதைகளை இன்று நாம் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். பிரிட்டனின் விமான விபத்து விசாரணைக் கிளை மாதந்தோறும் ஓர் இதழ் வெளியிடுகிறது; காசு கிடையாது, யாரும் படிக்கலாம். பெரிய ஜெட் விமானத்தின் கோளாறு முதல் பக்கங்களில் வரும். கடைசிப் பக்கங்களில் புல்வெளியில் புரண்ட மைக்ரோலைட் என்னும் சிறு விமானங்கள் வரும். விமானத்தின் வகை, எஞ்சின், செய்யப்பட்ட ஆண்டு, நடந்த இடம், நேரம் எல்லாம் இருக்கும். ஓட்டியவரின் பெயர் இருக்காது. வயது இருக்கும். மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தவர், அதில் இந்த வகை விமானத்தில் எத்தனை, கடந்த 90 நாட்களில் எத்தனை, கடந்த 28 நாட்களில் எத்தனை என்று வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே என்ன நடந்தது என்ற விவரம். சின்ன விபத்து என்றால் விசாரணையாளர் நேரில் போவதுகூட இல்லை. ஓட்டியவரே படிவத்தில் எழுதி அனுப்பியது சுருக்கமாக அச்சாகும்.

அதே விமானம் அது பிறந்த ஊரில் விழுந்தால் என்ன ஆகும்? நாளிதழில் நாலு வரி வரும். காயம் பெரிதாக இருந்தால் போலீஸ் வரும். கிளப்பில் ஒரு வாரம் பேச்சு நடக்கும், பிறகு அதுவும் அடங்கும். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் மாணவருக்கு அந்தக் கதை கிடைக்காது. பிரிட்டனில் விழுந்த எக்ஸ்-ஏரைப் பற்றி நமக்குத் தெரியும் அளவுக்கு, பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்தில் ஒரு சிறு விமானம் தடுமாறியதைப் பற்றி நமக்குத் தெரியாது. இந்தக் குறைக்குக் காரணம் பறப்பவர்களின் அலட்சியம் இல்லை. பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரு விபத்தின் கதை ஏன் இவ்வளவு மதிப்புள்ளது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

பொழுதுபோக்குக்காகப் பறப்பவர் ஒருவர் தம் வாழ்நாளில் பார்க்கும் விபத்துகள் மிகக் குறைவு. ஒரு கிளப்பில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்று நடக்கலாம். நடந்தது ஒன்றே ஒன்று என்றால், அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு தனி மனிதரின் தவறாகத்தான் தெரியும். ஹேங் கிளைடரை எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவில் நின்று, ஹார்னஸின் கொக்கியை இறக்கையின் நடுவில் மாட்டி, ஓடிக் குதிக்க வேண்டும். கொக்கியை மாட்டாமலே ஓடிக் குதித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், பலர் இறந்திருக்கிறார்கள். ஒரு சம்பவத்தை மட்டும் கேட்டால், "இவ்வளவு கவனக்குறைவா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அறிக்கைகளைச் சேர்த்து அடுக்கிப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. மாட்டாமல் ஓடியவர்களில் அனுபவசாலிகள் ஏராளம். பெரும்பாலும் நடந்தது இதுதான்: எல்லாம் தயார் என்று நின்றவர், காற்று மாறியதாலோ, ஹெல்மெட்டை விட்டுவிட்டதாலோ, யாரோ கூப்பிட்டதாலோ கொக்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் மூளையில் 'மாட்டியாயிற்று' என்ற நினைவு அழியாமல் இருந்திருக்கிறது. ஓடுவதற்கு முந்தைய நொடியில் இறக்கையைத் தூக்கி, ஹார்னஸ் இழுபடுகிறதா என்று உடம்பால் உணர்ந்து பார்க்கும் பழக்கம் அப்படித்தான் பயிற்சியில் புகுந்தது.

பாராகிளைடரிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. மார்புப் பட்டையை மாட்டிவிட்டுத் தொடைப் பட்டைகளை மறந்து ஓடியவர்கள், காலடியில் நிலம் விலகியதும் இருக்கையிலிருந்து நழுவி அக்குளில் தொங்கினார்கள். சிலர் பிடி தளர்ந்து விழுந்தார்கள். அறிக்கைகள் குவிந்த பிறகு ஹார்னஸ் செய்பவர்கள் பட்டைகளையே மாற்றி அமைத்தார்கள். தொடைப் பட்டையும் மார்புப் பட்டையும் ஒரே பூட்டில் சேரும். ஒன்றை விட்டு மற்றொன்றை மாட்ட முடியாது. இன்று ஏலகிரியிலோ நந்தி மலையிலோ அப்படிப்பட்ட ஹார்னஸில் உட்காரும் ஒருவர், தமக்கு முகம் தெரியாத பலர் மறைக்காமல் எழுதியதால்தான் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறார்.

பிரிட்டிஷ் அறிக்கைகளைப் படித்தால் போதாதா, நமக்கென்று தனியாக ஏன் வேண்டும் என்று கேட்கலாம். போதாது. இதற்கு விடை பெங்களூரின் காற்றிலேயே இருக்கிறது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். சூடானாலும் அடர்த்தி குறையும். விமானத்துக்குத் தெரிந்ததெல்லாம் அடர்த்தி மட்டும்தான். ஊர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஏப்ரல் மாதப் பிற்பகலில் வெப்பம் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 3,000 அடி உயரத்தில் இருக்கவேண்டிய தர வெப்பநிலை 9 டிகிரி. 24 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று விமானிகள் கூட்டுவார்கள். ஆக, ஜக்கூர் ஓடுபாதையில் நிற்கும் விமானம் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 5,900 அடி உயரத்துக் காற்றில் நிற்கிறது. நிலம் பெங்களூரில், காற்றின் அடர்த்தியோ ஏறக்குறைய குன்னூருக்குரியது.

கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் அது ஏறத்தாழ 84 சதவீதம்தான். எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைகிறது, சக்தி குறைகிறது. சுழலி தள்ளும் காற்றும் மெலிந்திருக்கிறது. இறக்கை அதே எடையைத் தாங்க, உண்மையான வேகம் 9 சதவீதம் கூடியாக வேண்டும். ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டும். எழும்பிய பிறகு ஏற்றமும் மந்தம். தரையில் மோத நேர்ந்தால் அந்த 9 சதவீத வேகம் மோதலின் ஆற்றலை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிவிடும். குளிர்காலத்து இங்கிலாந்தில், கடல் மட்டப் புல்வெளியில் நடந்த சம்பவத்தின் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே தப்பித்த விமானம் இங்கே தப்பிக்காமல் போகலாம்.

எஞ்சின் நின்றுபோகும் கதையையும் சொல்ல வேண்டும். எக்ஸ்-ஏரின் பல வடிவங்களில் ரோட்டாக்ஸ் 582 என்ற இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் எந்த நொடியிலும் நின்றுபோகலாம் என்று செய்தவர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள். துணி போர்த்திய இலகு விமானத்துக்குக் காற்றுத்தடை அதிகம், எடை குறைவு. கனமான விமானத்தின் எஞ்சின் நின்றால் அது தன் வேகத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் வழுக்கும். இதுவோ மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால் சில நொடிகளில் வேகத்தைத் தொலைத்துவிடும். அந்த நொடிகளில் ஓட்டுபவர் செய்ய வேண்டியது மூக்கைக் கீழே தள்ளுவது. மனம் சொல்வதோ திரும்பி ஓடுபாதைக்கே போய்விடு என்று. 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கை தாங்கும் சுமை 1.4 மடங்காகிறது. நேராகப் பறக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டரில் தூக்குவிசையை இழக்கும் விமானம், அந்தத் திருப்பத்தில் 71 கிலோமீட்டரிலேயே இழந்துவிடும். வேகம் குறைந்துகொண்டே வரும்போது தேவையான வேகம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் விமானம் சுழன்று விழும்.

ஆகவே பாடப்புத்தகம் நேரே முன்னால் பார், கிடைத்த இடத்தில் இறக்கு என்கிறது. ஜக்கூரில் முன்னால் என்ன இருக்கிறது? மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில் 1940களின் இறுதியில் பறப்புப் பள்ளி தொடங்கியபோது சுற்றிலும் வயலும் ஏரியும் இருந்தன. இன்று ஒரு பக்கம் பெல்லாரி சாலை மேம்பாலம், மற்ற பக்கங்களில் அடுக்குமாடிகள். இந்தக் கோடையில், இந்த உயரத்தில், இந்தக் கட்டடங்களுக்கு நடுவே எஞ்சின் இருமிய ஒருவர் எந்த உயரத்தில் என்ன முடிவெடுத்தார், எங்கே இறக்கினார், எது பலித்தது என்ற கதைகள் ஜக்கூரிலிருந்துதான் வர முடியும். பிரிட்டனின் விசாரணைக் கிளை இருக்கும் ஃபார்ன்பரோவிலிருந்து வராது.

சொல்லத் தெரிந்தவர்கள் ஏன் சொல்வதில்லை? விபத்தில் ஒருவர் இறந்தால் போலீஸ் வழக்கு உறுதி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. இழப்பீட்டு வழக்கு தனியாக வரும். காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு வரியிலும் பணம் மறுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கும். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். கிளப்பை நடத்துபவர் ஒரு வழக்கறிஞரைக் கேட்டால் அவர் சொல்லும் முதல் அறிவுரை 'எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்' என்பதாகத்தான் இருக்கும். தம் கட்சிக்காரரைக் காப்பது அவர் தொழில். அதைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில்கூட இந்தப் பயம் சங்கங்களை உலுக்கியிருக்கிறது. காப்பீடு தர வெளியில் ஆளில்லாமல் போனதால், அந்நாட்டு ஹேங் கிளைடிங், பாராகிளைடிங் சங்கம் 2016இல் தனக்கென்று ஒரு காப்பீட்டு அமைப்பையே கட்ட வேண்டிவந்தது. அப்படிப்பட்ட நிலையில் யாருக்கும் விபத்து அறிக்கை ஆபத்தான காகிதமாகத்தான் தெரியும்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்ற 13ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பதே, யார்மீதும் குற்றமோ பொறுப்போ சுமத்துவது இல்லை என்கிறது. இந்தியாவின் விபத்து விசாரணை விதிகளிலும் அதே வாசகம் இருக்கிறது. 2012இல் நம் விமான விபத்து விசாரணைப் பணியகம் டி.ஜி.சி.ஏ.வுக்கு வெளியே தனியாக அமைக்கப்பட்டதும் அதனால்தான். விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கக்கூடாது, நீதிமன்றம் எடைபோட்டு முடிவு செய்தால் ஒழிய என்றும் விதி உண்டு. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறது: அங்கே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக வைக்கவே முடியாது என்று சட்டம் சொல்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்புச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லை. 2011இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பழைய டைகர் மாத் விமானம் ஒன்று விழுந்தது. பயணி இறந்தார், ஓட்டியவர் பிழைத்தார். இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டு, விசாரணைக் கிளையின் அறிக்கையைச் சாட்சியமாக வைத்தது. கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பறப்பவர்கள் மத்தியில் பெருங்கலக்கம். இனி யார் உண்மையைச் சொல்வார்கள் என்று கேட்டார்கள்.

மறு ஆண்டு, 2015 ஆகஸ்ட் 22இல், ஷோராம் விமானக் காட்சியில் ஒரு பழைய ஹாக்கர் ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் பிழைத்தார். அவர் விசாரணையாளர்களிடம் சொன்னவற்றையும் விமானத்துக்குள் எடுக்கப்பட்ட காணொளியையும் தங்களிடம் தர வேண்டும் என்று போலீஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டம்பரில் நீதிபதி ரபீந்தர் சிங் இரண்டையும் பிரித்தார். காணொளியைக் கொடுக்கலாம் என்றார். விமானி வாயால் சொன்னதைக் கொடுக்கக்கூடாது என்றார். கேமரா பதிந்தது யார் நம்பிக்கையையும் பெற்றுப் பதிந்ததில்லை. மனிதர் பேசியதோ, இது உங்களைத் தண்டிக்கப் பயன்படாது என்ற உறுதியின்பேரில் பேசியது. அந்த உறுதியை ஒருமுறை மீறினால் அடுத்த விபத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

என் பார்வையில் சரியான கோடு இதுதான். இறந்தவரின் குடும்பத்துக்கு உண்மை அறிய முழு உரிமை உண்டு. ஜக்கூரில் காசு கொடுத்து ஒரு சுற்றுப் பறக்கப் போனவரும், பீர்-பில்லிங்கில் பாராகிளைடரின் முன்னிருக்கையில் உட்கார்ந்தவரும் எந்த அபாயத்தை ஏற்கிறோம் என்று தெரியாமலே ஏறியவர்கள். உடைந்த பாகம், பராமரிப்புப் பதிவேடு, வானிலைக் குறிப்பு, காணொளி இவையெல்லாம் நீதிமன்றத்துக்குத் தாராளமாகப் போகட்டும். குடித்துவிட்டு ஓட்டியவரையும் காலாவதியான கயிற்றில் ஆளை ஏற்றியவரையும் எந்த அறிக்கையும் காக்கக்கூடாது. ஆனால் நேர்மையாகத் தவறிய ஒருவர் 'நான் அந்த நேரத்தில் இப்படி நினைத்தேன், அதனால் இப்படிச் செய்தேன்' என்று சொல்வது வேறு பொருள். அது அவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. மிரட்டி வாங்கினால் கிடைக்காது.

பெரிய விமானங்களின் உலகம் இதைக் கற்றது எளிதில் இல்லை. 1974 டிசம்பர் 1ஆம் தேதி டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டாளர் கொடுத்த அனுமதியை, உடனே 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். விசாரணையில் ஒன்று தெரிந்தது. ஆறு வாரங்களுக்கு முன் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு, அதே மலையை மயிரிழையில் தவிர்த்திருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் ஒளிக்காமல் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகள் எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அது போய்ச் சேரவில்லை. சொல்ல வழி இல்லை, அவ்வளவுதான்.

அதன்பின் அமெரிக்க விமான நிர்வாகம் 1975இல் தானே ஒரு திட்டம் தொடங்கி, தவறுகளை எங்களுக்கு எழுதுங்கள், தண்டிக்க மாட்டோம் என்றது. யாரும் நம்பவில்லை. உரிமத்தைப் பறிக்கும் கையிடம் யார் தன் தவறைக் கொடுப்பார்கள்? 1976இல் அந்த வேலை நாசாவிடம் போனது. நாசாவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. விமானி எழுதும் படிவத்தில் பெயர், முகவரி உள்ள துண்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதை மட்டும் நாசாவிடம் தங்கும். பத்து நாட்களுக்குள் எழுதியவர்மீது நிர்வாகம் பிறகு நடவடிக்கை எடுத்தாலும், அந்தத் துண்டைக் காட்டித் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றத்துக்கும் விபத்துக்கும் மட்டும் விலக்கு இல்லை. அரை நூற்றாண்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கதைகள் குவிந்துவிட்டன. சிறு விமானம் ஓட்டும் ஆர்வலர்களும் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம்.

பெங்களூரும் இந்தப் பாடத்தை விலை கொடுத்து வாங்கிய ஊர்தான். 1990 பிப்ரவரி 14இல் பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, எச்.ஏ.எல். ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி மோதி எரிந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். அந்த விமானம் ஏ320, அப்போது புத்தம்புது வகை. தானியங்கி அமைப்பு எஞ்சின்களைச் சும்மா ஓடவிட்டு விமானத்தை இறக்கும் நிலையில் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே போனதை உணர்ந்து விமானிகள் உடனே த்ராட்டிலைத் தள்ளவில்லை. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சிவசங்கர பட் நடத்திய விசாரணை அதை வெளிப்படையாக எழுதியது. தானியங்கி அந்த நிலைக்கு எப்படிப் போனது என்பதை உறுதி செய்ய முடியவில்லை என்பதையும் எழுதியது. விமானிகள் தரப்பும் தயாரிப்பாளர் தரப்பும் ஒருவரையொருவர் சாடின. 1992 ஜனவரியில் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தபோது, தானியங்கி எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனிதர் தவறாக நினைக்கும் சிக்கல் ஒரு விமானியின் தனிக் குறை இல்லை என்று பலருக்கும் உறைத்தது. இறங்கு வேகத்தைக் காட்டும் எண்களின் வடிவமே பிறகு மாற்றப்பட்டது.

சராஸ் விமானமும் நினைவுக்கு வருகிறது. தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய அதன் இரண்டாவது முன்மாதிரி 2009 மார்ச் 6இல் சோதனைப் பறப்பில் பிடதி அருகே விழுந்து விமானப்படை வீரர்கள் மூவர் உயிரிழந்தார்கள். வானில் ஓர் எஞ்சினை நிறுத்தித் திரும்ப இயக்கிப் பார்க்கும் சோதனை. வடிவமைத்தவர்கள் வகுத்துக் கொடுத்த நடைமுறையே தவறு, அதைப் போதாத உயரத்தில் செய்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது. இறந்தவர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டிருந்தால் அடுத்த குழு அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போயிருக்கும். திருத்திய சராஸ் 2018 ஜனவரியில் மீண்டும் பறந்தது.

சொல்லாமல் விடும் பழக்கம் பெரிய நிலையங்களையும் விட்டுவைக்கவில்லை. 2022 ஜனவரி 7 காலையில் கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டு இணை ஓடுபாதைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு இண்டிகோ விமானங்கள் கிளம்பின. ஒன்று கொல்கத்தாவுக்கு, ஒன்று புவனேஸ்வரத்துக்கு. வானில் ஒன்றையொன்று நெருங்கின. ரேடார் முன் இருந்த கட்டுப்பாட்டாளர் பார்த்துத் திருப்பிவிட்டதால் நானூறுக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். தெற்கு ஓடுபாதையிலிருந்து இனி புறப்பாடு இல்லை என்ற முடிவு அந்த ஓடுபாதையின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லப்படவில்லை. அன்று எந்தப் பதிவேட்டிலும் இந்தச் சம்பவம் எழுதப்படவில்லை என்பது பிறகு செய்தியானது. விஷயம் வெளியே வந்த பின்தான் விசாரணை நடந்து அறிக்கையும் வெளியானது. கண்காணிப்பு நிறைந்த பன்னாட்டு நிலையத்திலேயே இப்படி என்றால், நாலைந்து பேர் நடத்தும் ஒரு பாராமோட்டார் பள்ளியிடம் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்?

விதியிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. 2,250 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களின் விபத்தைப் பணியகம் விசாரித்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால் விசாரிக்கலாம். பயிற்சி விமானங்களின் விபத்து அறிக்கைகள் பல வெளியாகின்றன, அதைப் பாராட்ட வேண்டும். பாராகிளைடர், ஹேங் கிளைடர், பாராமோட்டார் எல்லாம் மாநிலச் சுற்றுலாத் துறைகளின் விதிகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே விபத்து நடந்தால் பிரேத விசாரணை, சில நாள் தடை, புது உரிம நிபந்தனை. காற்று எப்படி இருந்தது, கயிறு எங்கே சிக்கியது, ஓட்டியவர் எத்தனை நாளாகப் பறக்காமல் இருந்தார் என்பதை எழுதும் படிவம் இல்லை. அதைவிட முக்கியமாக, உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியவர் தம் கதையைப் பயமின்றிக் கொடுக்க இடம் இல்லை. டி.ஜி.சி.ஏ.வுக்குத் தாமாக எழுதலாம். ஆனால் 1975இல் அமெரிக்க விமானிகள் தயங்கிய அதே காரணத்துக்காக இங்கும் தயங்குவார்கள்.

நாசா செய்ததைச் செய்ய நம்மிடம் ஒரு நிறுவனம் இருக்கிறது, அதுவும் பெங்களூரிலேயே. தேசிய வான்வெளி ஆய்வகத்துக்கு யார் உரிமத்தையும் பறிக்கும் அதிகாரம் இல்லை. பறப்புக் கிளப்புகளுக்கென்றே ஹன்ஸா விமானத்தை வடிவமைத்தவர்கள் அவர்கள். விமானத் தரவுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள். சராஸ் விபத்தில் தங்கள் தவறு அச்சில் வந்ததையும் தாங்கி, திருத்தி, மீண்டும் பறந்தவர்கள். சிறு விமானம், கிளைடர், பாராகிளைடர், பாராமோட்டார் ஓட்டுபவர்கள் பெயரைக் கிழித்துத் திரும்பப் பெறும் ஒரு படிவத்தில், தமிழிலோ கன்னடத்திலோ இந்தியிலோ எழுதி அங்கே அனுப்பட்டும். குறித்த நாளுக்குள் எழுதியவரை அந்தக் கதையை வைத்து டி.ஜி.சி.ஏ. தண்டிக்காது என்று ஒரு விதி வரட்டும். மாதம் ஒருமுறை அவை வெளியாகட்டும். பெரிய செலவு இல்லாத காரியம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளப் நடத்துபவர்களே, உங்கள் களத்தில் இதுவரை நடந்தவற்றைப் பெயரில்லாமல் எழுதி, புதிதாக வருபவர் கையில் முதல் நாளே கொடுங்கள். வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே எழுதுங்கள். எதை எழுதலாம் என்று அவரிடம் கேளுங்கள், எழுதலாமா என்று கேட்காதீர்கள். பயணியாகப் போகிறவர்களே, பட்டையை மாட்டிக்கொள்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே கடைசியாக என்ன தவறு நடந்தது, அதன்பின் எதை மாற்றினீர்கள்? பதில் சொல்பவருடன் பறங்கள். இங்கே எதுவுமே நடந்ததில்லை என்று சொல்பவருடன் பறக்காதீர்கள்.